வேரில் விழும் முடிச்சு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: செடி வாடுகிறது, எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை, பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் உருண்டை உருண்டையாக இருக்கிறது. ஒரு கடிதம் பெங்களூரு மாடி வீட்டிலிருந்தும், இன்னொன்று ஒசகோட்டை வயலிலிருந்தும், மற்றொன்று ஆனேக்கல் பக்கம் பாலிஹவுஸ் (பாலித்தீன் கூரைப் பயிர்க்குடில்) போடப் போகிறவரிடமிருந்தும் வந்திருந்தாலும் குற்றவாளி ஒருவரே என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழில் வேர்முடிச்சு நூற்புழுவைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மாடியில் 14 பைகளில் தக்காளியும் கத்தரியும் வளர்க்கிறேன். மூன்று ஆண்டுகள் நன்றாகக் காய்த்தன. இந்த ஆண்டு நண்பகலில் செடி துவண்டு விழுகிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது. இலை வெளுத்துப் போனதால் உரம் போட்டேன்; பயனில்லை. ஒரு செடியைப் பிடுங்கினேன், வேர் முழுக்க முடிச்சு. அவரைச் செடியின் வேரில் உள்ள முடிச்சு நல்லது என்று பள்ளியில் படித்த நினைவு. இதுவும் அந்த வகைதானா?
– வாசகி, ராமமூர்த்தி நகர்

இல்லை அம்மா. நீங்கள் பள்ளியில் படித்தது சரிதான். ஆனால் அந்த முடிச்சு வேறு, இது வேறு. அவரை, நிலக்கடலை, தட்டைப்பயறு ஆகியவற்றின் வேரில் ரைசோபியம் பாக்டீரியா உண்டாக்கும் முடிச்சு, வேரின் பக்கவாட்டில் ஒட்டவைத்த மணி போல் இருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியதால் வருவது. அதைப் பிய்த்தெடுக்கப் பார்த்தால் வேரும் சேர்ந்து அறுந்து வரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ரைசோபியம் முடிச்சு கிடையவே கிடையாது. ஆகவே அவற்றின் வேரில் இப்படி வீக்கம் இருந்தால் முதல் சந்தேகம் நூற்புழுவின் மீதுதான் விழவேண்டும்.

வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் பார்க்க வேண்டியது எல்லாம் போய்விடும். பிறகு கைக்கண்ணாடியை வைத்து முடிச்சின் மேற்புறத்தைப் பாருங்கள். வேகவைத்த ஜவ்வரிசியை மிக மிகச் சிறிதாக்கி ஒட்டியது போல், பழுப்பு நிறத்தில் வழவழப்பான புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு முட்டைத் திரள். ஒன்றிலேயே 200 முதல் 500 வரை முட்டைகள் இருக்கும். அந்த இடத்தில் ஊசி முனையால் முடிச்சைக் கீறினால், குண்டூசித் தலையைவிடச் சிறிய, முத்துப் போல் பளபளக்கும் பேரிக்காய் வடிவப் பொருள் ஒன்று வெளியே வரும். அதுதான் பெண் நூற்புழு. வளர்ந்த பிறகு அது அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள கண்ணாடி நூல். அதைக் கண்ணால் காண முடியாது. அது மண்ணிலுள்ள ஈரத்தில் நீந்திவந்து, வேரின் நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து நுழைந்து, நீரையும் உணவையும் கொண்டு செல்லும் குழாய்களின் அருகே தங்கிவிடுகிறது. அங்குள்ள சில செல்களைத் தன் உமிழ்நீரால் தூண்டி, பெரிதாக வீங்கச் செய்து, அவற்றையே தன் சமையற்கட்டாக மாற்றிக்கொள்கிறது. இப்போது உங்கள் செடி ஏன் நண்பகலில் துவள்கிறது என்பது விளங்கும். வெயில் ஏறும்போது இலை கேட்கும் நீரை, நெரிந்து கோணிய குழாய்களால் கொடுக்க முடிவதில்லை. மாலையில் தேவை குறைந்ததும் செடி நிமிர்ந்துகொள்கிறது. உரம் பயன்படாததற்கும் காரணம் இதுவே. மண்ணில் சத்து இருக்கிறது; எடுத்துக்கொள்ளும் வேர்தான் சீர்கெட்டிருக்கிறது. மண்ணின் வெப்பம் 27 டிகிரி அளவில் இருந்தால் முட்டையிலிருந்து அடுத்த முட்டைவரை ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஆகும். பெங்களூரின் தட்பவெப்பம் நமக்கு எவ்வளவு இதமோ, இந்தப் புழுவுக்கும் ஆண்டின் பெரும்பகுதி அவ்வளவு இதம்.

காய்த்துக்கொண்டிருக்கும் செடிக்கு இனி மருத்துவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மக்கிய எருவைத் தண்டைச் சுற்றி அணைத்து, காலையும் மாலையும் சிறிது சிறிதாக நீர் விட்டால், புதிய வேர் விட்டு இருக்கும் காயை முற்றவிடும். அது முடிந்ததும் செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். அந்த வேரை மட்டும் உங்கள் உரத்தொட்டியில் போடாதீர்கள். வீட்டு உரத்தொட்டி முட்டையைக் கொல்லும் அளவுக்குப் பெரும்பாலும் சூடேறுவதில்லை.

எல்லாப் பைகளின் மண்ணையும் கொட்டிவிட்டுப் புது மண் வாங்கச் சொல்கிறார்கள். மூன்றாம் மாடிக்கு மண் ஏற்றுவது எளிதா? பழைய மண்ணைக் காப்பாற்ற வழி உண்டா?
– வாசகர், பானஸ்வாடி

உண்டு. கொட்டுவதாக இருந்தாலும் எங்கே கொட்டுவீர்கள்? தெருமுனைப் பூங்காவிலோ பக்கத்துக் காலி மனையிலோ கொட்டினால், நோயை இறக்கி வைத்ததாகத்தான் ஆகும். மேலும், புது மண் என்று லாரியில் வரும் செம்மண் எந்தக் காட்டுத் துண்டிலிருந்து வெட்டியெடுத்தது, அதில் நேற்றுவரை என்ன பயிர் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இந்தப் புழு தானாக ஒரு பருவத்தில் ஓரிரண்டு அடிதான் நகரும். ஊர்விட்டு ஊர் போவதெல்லாம் மண்ணிலும் நாற்றிலும் மண்வெட்டியிலும் நாமே ஏற்றிச் செல்வதால்தான். என் வீட்டு மாடிக்கும் அது ஒரு நாற்றங்காலில் வாங்கிய பாகற்காய் நாற்றோடுதான் வந்து சேர்ந்தது. கருப்புப் பையோடு அப்படியே நட்டுவிட்டேன். பையைக் கிழித்து வேரைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மண்ணைக் காப்பாற்றச் செலவில்லாத வழி வெயில். பையிலிருந்து மண்ணைக் கொட்டி, பழைய வேர்களை எல்லாம் பொறுக்கிவிட்டு, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமாக்குங்கள். காய்ந்த மண்ணில் வெப்பம் இறங்காது; புழுவும் உறங்கித் தப்பிக்கும். ஈர மண்ணைக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் பைகளில் ஒரு சாணுக்கு மேற்படாத தடிமனில் பரப்பி, வாயைக் கட்டி, அதன் மேல் இன்னொரு ஒளி ஊடுருவும் தாளைக் கூடாரம் போல் சிறு இடைவெளி விட்டுப் போர்த்துங்கள். இரண்டு தாள்களுக்கு இடையே நிற்கும் காற்று வெப்பத்தை வெளியே விடாது. மண்ணின் நடுப்பகுதி 60 டிகிரியை எட்டி ஒரு மணி நேரம் நின்றாலோ, 70 டிகிரியில் அரை மணி நேரம் நின்றாலோ வேலை முடிந்தது. சமையலறை வெப்பமானி ஒன்றைச் செருகிப் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவு ஏறாவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் செய்யச் சொல்லும் குறிப்புகள் சேலத்துக்கும் மதுரைக்கும் எழுதியவை. நம் ஊரில் ஏப்ரல் நடுவில் மாலை மழை தொடங்கிவிடும், வானமும் மூடிக்கொள்ளும். ஆகவே பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. கருப்புத் தாள் வேண்டாம். அது தான் சூடாகுமே தவிர, வெயிலை மண்ணுக்குள் விடாது.

வெயிலில் வைத்த மண்ணில் நல்ல உயிரிகளும் குறைந்திருக்கும் என்பதால், திரும்ப நிரப்பும்போது மக்கிய எருவும், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூளும் கலந்து, இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து பிறகு நடுங்கள். சந்தேகம் தீர வேண்டுமானால், ஒரு தொட்டியில் அந்த மண்ணை நிரப்பி நான்கு வெள்ளரி விதை போடுங்கள். வெள்ளரி இந்தப் புழு வந்தால் மறைக்கத் தெரியாத பயிர். ஐந்தாம் வாரம் பிடுங்கி வேரை அலசினால் பதில் தெரிந்துவிடும்.

ஒசகோட்டை அருகே ஒரு ஏக்கரில் சம்பங்கி போட்டிருக்கிறேன். முன்பு அதே நிலத்தில் தக்காளி. கிழங்கு உறவினர் தோட்டத்திலிருந்து வந்தது. இரண்டாம் ஆண்டில் பூத்தண்டு குட்டையாகிவிட்டது. மார்க்கெட்டில் விலை போகவில்லை. வேரில் முடிச்சு இருக்கிறது. மருந்துக் கடையில் குருணை மருந்து போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– தமிழ் விவசாயி ஒருவர்

ஐயா, முதலில் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நூற்புழுவுக்கென்று கண்ணை மூடிக்கொண்டு போட்ட குருணைகளில் ஃபோரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். இப்போது ஃப்ளூயென்சல்ஃபோன், ஃப்ளூயோபைரம் போன்ற புதிய மருந்துகள் விற்பனையில் உள்ளன. பழையவற்றைவிடக் குறைந்த அளவில் வேலை செய்பவை. ஆனால் பெட்டியின் சீட்டில் எந்தப் பயிர் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதற்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். தக்காளிக்குச் சொன்ன அளவைச் சம்பங்கிக்கு நீங்களே கணக்கிட்டு ஊற்றுவது சரியல்ல. எந்த மருந்தும் முடிச்சுக்குள் உட்கார்ந்துவிட்ட பெண் புழுவை எளிதில் தொடாது. மண்ணில் நீந்தும் இளம்புழுவைத்தான் அது பிடிக்கும். இரண்டாம் ஆண்டுச் சம்பங்கியில் நீங்கள் செலவழிக்கும் பணம் திரும்பி வருமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் நிலத்தில் நடந்ததைக் கவனியுங்கள். தக்காளி இந்தப் புழுவுக்குப் பந்தி போடும் பயிர். அது எடுத்தவுடன், இரண்டு மூன்று ஆண்டுகள் இடம்விட்டு நகராத சம்பங்கியை வைத்தீர்கள். போதாததற்குக் கிழங்கும் மண்ணோடு வந்திருக்கிறது. ஒசகோட்டைப் பக்கத்து மணல் கலந்த செம்மண்ணில் காற்றோட்டமும் இடைவெளியும் அதிகம். இளம்புழு நகர்வதற்குக் களிமண்ணைவிட அதுவே வசதி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இந்தப் பருவப் பூவை எடுத்துக்கொண்டு பயிரை முடித்துவிடுவேன். கிழங்கையும் வேரையும் முழுவதும் பொறுக்கி எடுத்து எரித்துவிட்டு, மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என மூன்று உழவு ஓட்டுவேன். புரண்டு மேலே வரும் முட்டையும் இளம்புழுவும் வெயிலில் காய்ந்து எண்ணிக்கை வெகுவாகக் குறையும். கூலி, டீசல் தவிர வேறு செலவில்லை. வரப்பில் மணத்தக்காளி போன்ற களைகள் நிற்கக்கூடாது. நிலம் சும்மா கிடக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, புழு அவற்றின் வேரில் குடியிருக்கும்.

அடுத்து என்ன பயிர் என்பதில்தான் அவசரப்படக் கூடாது. தக்காளி, கத்தரி, வெண்டை, பீன்ஸ், கேரட், வெள்ளரி, பாகல், புடலை ஆகிய எதுவும் இரண்டு பருவத்துக்கு வேண்டாம். பட்டுக்காக முசுக்கட்டை வைக்கும் எண்ணமிருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். வேர்முடிச்சு அதற்கும் பெரிய தொல்லை. சணப்பை அடர்த்தியாக விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழலாம். புழு அதன் வேரில் நுழைந்தாலும் பெருகாது. நிலக்கடலையும் நல்லதே. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்தில் பெரிதும் காணப்படும் மெலாய்டோகைனி இன்காக்னிட்டா என்ற இனம் கடலையில் பெருகாது. அரினேரியா என்ற இன்னொரு இனத்துக்கோ கடலைதான் விருந்து. இந்த இரண்டையும் ஜாவானிகா, ஹாப்ளா ஆகியவற்றையும் தனித்தனி இனங்கள் என்று சிட்வுட் என்ற அமெரிக்க அறிஞர் பிரித்துக் காட்டியதே 1949இல்தான்; அதுவரை எல்லாம் ஒன்று என்று நினைத்து, ஓர் ஊரில் பலித்த பயிர்ச்சுழற்சி இன்னோர் ஊரில் ஏன் பொய்த்தது என்று குழம்பிக்கொண்டிருந்தார்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது எந்த இனம் என்றும் கேட்டு வாங்குங்கள்.

மீண்டும் சம்பங்கியே வேண்டும் என்றால், ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஷ்ருங்கார் ரகம் வேர்முடிச்சைத் தாங்கி நிற்கக்கூடியது. நடுவதற்கு முன் எருவைப் பக்குவம் செய்துகொள்ளுங்கள். ஒரு டன் மக்கிய தொழுவுரத்துக்கு 2 கிலோ வீதம் பர்ப்யூரியோசிலியம் அல்லது போகோனியா பூஞ்சைத் தூளும், அதே அளவு டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சைத் தூளும் கலந்து, வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்து, நிழலில் ஈரம் காயாமல் மூடிவைத்து, வாரம் ஒருமுறை புரட்டி, 15 நாள் கழித்து நிலத்தில் இடவேண்டும். முதலில் சொன்ன இரண்டு பூஞ்சைகளும் நூற்புழுவின் முட்டைக்குள்ளேயே புகுந்து அதைத் தின்பவை. இவற்றை நேரே மண்ணில் தூவிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் பலர். எருவில் பெருகவிடாமல் தூவினால் பலன் எப்படி வரும்? எருவை இட்ட பிறகு பூஞ்சைக்கொல்லியை வேரில் ஊற்றிவிடாதீர்கள். உங்கள் பூஞ்சையை நீங்களே கொன்றதாகும்.

ஒவ்வொரு தக்காளிச் செடிக்கும் பக்கத்தில் ஒரு சாமந்தி வைத்தால் நூற்புழு அண்டாது என்று காணொளியில் பார்த்து வைத்தேன். அண்டியிருக்கிறது. ஏன்?
– வாசகர், அல்சூர்

நீங்கள் வைத்தது எந்தச் சாமந்தி? நம் ஊரில் கன்னடத்தில் சேவந்திகே என்று விற்கும் சாமந்தி செவ்வந்திதான். அதற்கு இந்த வேலை தெரியாது. ஆயுத பூஜைக்கு கே.ஆர். மார்க்கெட்டில் மலை மலையாகக் குவியும் செண்டுமல்லி, அதாவது துலுக்கச் சாமந்தி, அதன் வேரில்தான் புழுவைக் கொல்லும் பொருள் இருக்கிறது. அந்தப் பொருளும் வேரைவிட்டு வெளியே வந்து காவல் காப்பதில்லை. பெரும்பாலும் வேருக்குள் நுழையும் புழுவைத்தான் அது தாக்குகிறது. பக்கத்தில் தக்காளி வேர் இருக்கும்போது புழு ஏன் செண்டுமல்லியைத் தேடிப் போகவேண்டும்? அதனால் இரண்டு மூன்று மாதங்களுக்கு வேறு எதுவும் இல்லாமல் செண்டுமல்லியை மட்டும் நெருக்கமாக வளர்த்து, பிறகு மண்ணோடு மடக்க வேண்டும். எல்லா ரகமும் எல்லா இனப் புழுவையும் ஒரே மாதிரி அடக்குவதில்லை. குட்டையாக வளரும் சிறுபூ வகை பொதுவாக நன்கு வேலை செய்கிறது. மேலே எழுதிய ஒசகோட்டை ஐயாவுக்கும் இது பொருந்தும். பூவை விற்றுக்கொண்டே நிலத்தைச் சுத்தம் செய்யலாம்.

அர்கா ரக்ஷக் தக்காளி நோய் எதிர்ப்பு உள்ளது என்கிறார்கள். அதை நட்டால் இந்தத் தொல்லை தீருமா?
– வாசகி, ஜெயநகர்

தீராது. அர்கா ரக்ஷக்கின் மூன்று எதிர்ப்புகள் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகியவற்றுக்கானவை. அந்தப் பட்டியலில் நூற்புழு இல்லை. விதைப் பொட்டலத்தில் "எதிர்ப்பு" என்று கண்டதும் எதற்கு எதிர்ப்பு என்று ஒரு வரி கீழே படிப்பது நல்ல பழக்கம்.

நூற்புழுவுக்கு எதிர்ப்புள்ள தக்காளி இருக்கிறது. ஹிசார் லலித் அவற்றுள் ஒன்று. அந்த எதிர்ப்பு வந்த கதை சுவையானது. 1940களில் பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியோடு நம் தக்காளியைக் கலந்தபோது விதை முளைக்கவில்லை. கருவை மட்டும் வெளியே எடுத்து ஊட்டம் கொடுத்து வளர்த்ததில் செடி பிழைத்தது. உலகெங்கும் இன்று விற்கும் எதிர்ப்பு ரகங்களின் எம்.ஐ. மரபணு அந்த ஒரு கலப்பிலிருந்து வந்ததே. மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த மரபணு சோர்ந்துவிடும் என்பதால், கருப்புப் பையில் வெயிலில் நிற்கும் உங்கள் செடிக்கு அது முழுத் துணையாகாது. பைக்கு வெள்ளைத் துணி சுற்றி, மண்ணின் மேல் சருகைப் பரப்புங்கள்.

கத்தரிக்கு நம் வீட்டுச் சுண்டைக்காய் உதவும். சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டிய நாற்றுகள் இப்போது கிடைக்கின்றன. சுண்டையின் வேர் வேர்முடிச்சுக்கும் பாக்டீரியா வாடலுக்கும் ஓரளவு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. செடியும் ஓராண்டுக்கு மேல் நிற்கும்.

முடிச்சு விழுந்த கேரட்டைச் சமைக்கலாமா? குழந்தைகளுக்குப் பூச்சி சேருமா?
– வாசகி, லிங்கராஜபுரம்

தாராளமாகச் சமைக்கலாம். இந்தப் புழு செடியில் மட்டுமே வாழ்வது. மனித உடலில் வாழாது. கேரட் கவைத்துப் போவதால் தோல் சீவக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் பாலிஹவுஸ் அமைத்துக் குடைமிளகாய் போடப் போகிறேன். பாத்திக்குச் செம்மண் லாரியில் வர இருக்கிறது. முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

கேட்ட நேரம் நல்ல நேரம். பாலிஹவுஸுக்குள் மழை இல்லை, குளிர் இல்லை, ஆண்டு முழுவதும் வேர் இருக்கிறது. திறந்த வயலில் ஓய்வெடுக்கும் புழுவுக்கு அங்கே ஓய்வே கிடையாது. பாத்தி அமைத்த பிறகு அதை வெளியேற்றுவது பெரும்பாடு. ஆகவே லாரி வாசலுக்கு வரும் முன் அந்த மண் வெட்டப்படும் இடத்துக்கு நீங்களே போய், அங்கே நிற்கும் களைகளைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நாற்றைத் தென்னை நார்க்கழிவில் குழித்தட்டில் வளர்த்தவரிடம் மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது பத்து நாற்றையாவது உருவி வேரைப் பாருங்கள். குடைமிளகாயின் வேரில் முடிச்சு தக்காளியில் போல் பெரிதாக இராது. கடுகளவே இருக்கும் என்பதால் கண்ணுக்குத் தப்பும். பக்கத்துத் தோட்டத்து மண்வெட்டியும், பார்வையாளர்களின் செருப்பும் உள்ளே வரக்கூடாது.

மண்ணை ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலோ ஹெசரகட்டாவிலோ பரிசோதிக்கக் கொடுக்கலாம். குவியலின் பல இடங்களில் மேல்மண்ணை நீக்கிவிட்டு, உள்ளிருந்து எடுத்துக் கலந்து, கால் கிலோ அளவுக்குப் பாலித்தீன் பையில் கட்டுங்கள். அங்கே வேர் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையில் இடம், நாள், முன்பு இருந்த பயிர் ஆகியவற்றை எழுதுங்கள். ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சல்லடைகளில் அலசி, எஞ்சியதை மெல்லிய தாளின் மேல் வைத்து நீரில் படும்படி விடுவார்கள். உயிருள்ள புழு மட்டும் தாளைத் துளைத்து நீந்திக் கீழே இறங்கும், அதைத்தான் எண்ணுவார்கள். செத்த புழு இறங்காது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் இரண்டு மணி நேரம், கண்ணாடி மூடிய காரின் முன்பலகையில் அந்தப் பையை வெயிலில் வைத்துக்கொண்டு போனால், "நூற்புழு இல்லை" என்ற அறிக்கைதான் கையில் கிடைக்கும். பையை ஈரச் சாக்கில் சுற்றி இருக்கைக்கு அடியில் வையுங்கள். அன்றே கொடுக்க முடியாவிட்டால் வீட்டில் நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து மறுநாள் காலையில் எடுத்துச் செல்லுங்கள்.